எங்கே வைத்தாலும் ஒரே எடை

கம்பிக்கு ஐம்பது வயது ஆகிறது. எடை அறுபத்தொரு கிலோ. முதல் எண்ணைப் பற்றி அவர் யாரிடமும் பேச மாட்டார். இரண்டாவது எண்ணைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார். கல்யாணத்தன்று அறுபத்தொன்று. மகள் பிறந்த அன்று அறுபத்தொன்று. அவள் படிக்க வெளியூர் போய் வீடு வெறிச்சென்று ஆன அன்றும் ஏறி நின்று பார்த்தார், அறுபத்தொன்று. "மனுஷன்னா ஒரு நம்பர்ல நிக்கணும்" என்பார். அப்படி நிற்காதவர்களைப் பார்த்தால் அவருக்கு இரக்கம் வரும். அந்த இரக்கத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுவார் என்பதுதான் சிக்கல்.

கம்பி என்பது பட்டறை ஆட்கள் வைத்த பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். அதே நிறுவனத்தில் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் மைத்துனருக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, 'பீப்பாய்' என்று பெயர் வைத்தவர் கம்பியேதான். பீப்பாய்க்குத் தொண்ணூற்று நான்கு கிலோ. வேலை வாங்கிக் கொடுத்தவன் என்ற முறையில் மைத்துனரின் வயிற்றைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று கம்பி நினைத்தார். பீப்பாய் சிரித்துக்கொள்வார். அவர் சிரிக்கும்போது சட்டையின் மூன்றாவது பொத்தான் மட்டும் சிரிக்காமல் இறுக்கமாக இருக்கும்.

நிறுவனத்தின் வேலை தராசுகளைச் சரிபார்ப்பது. மளிகைக் கடை, மருந்துக் கம்பெனி, பழைய இரும்பு வாங்குகிற இடம், ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையைப் படுக்கவைக்கிற தொட்டில் தராசு எல்லாவற்றையும் கம்பி பார்த்தாயிற்று. வெல்வெட் பதித்த பெட்டியில் எடைக்கற்கள் இருக்கும். வெறும் கையால் அவற்றைத் தொட விடமாட்டார். விரலில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு கல்லில் ஏறினால் எடை தப்பிப்போகும் என்பார். வெள்ளைத் துணியால் எடுத்து வெள்ளைத் துணியால் வைப்பார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ அறுவைச் சிகிச்சை நடக்கிற மாதிரி இருக்கும்.

அந்தத் தொழிலில் மூலை பார்ப்பது என்று ஒன்று உண்டு. ஒரே கல்லைத் தட்டின் நடுவில் வைப்பார்கள். பிறகு ஒவ்வொரு மூலையிலும் வைப்பார்கள். ஐந்து முறையும் ஒரே எண் வரவேண்டும். வந்தால் முத்திரை, வராவிட்டால் பட்டறை. கம்பி இதைக் கடைக்காரர்களிடம் விளக்குவதில் தனி இன்பம் கண்டார். "எங்க வச்சாலும் ஒரே எடை. அதாங்க நல்ல தராசு." சொல்லி முடிக்கும்போது கடைக்காரர் டீ வரவழைத்திருப்பார். நாலு கரண்டி சர்க்கரை போட்ட டீ. ஒரு நாளைக்கு ஏழு கடை, ஏழு டீ, கூடவே க்ரீம் பன்னோ கேக்கோ. "நமக்குத் தின்னாலும் ஒட்டாது" என்று பெருமையாக விரலை நக்கிக்கொள்வார். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் கல்லைத் தொடுவார். கல்லில் பிசுக்கு ஏறக்கூடாது.

தராசு நிறுவனம் என்பதால் மேலாளருக்கு ஒரு யோசனை தோன்றி, வருடாவருடம் 'உடல்நலக் கோப்பை' கொடுத்துவந்தார். விதி எளிமையானது. ஆண்டுக் கடைசியில் முற்றத்தில் இருக்கும் பெரிய மேடைத் தராசில் எல்லாரும் ஏற வேண்டும். போன வருட எடைக்கும் இந்த வருட எடைக்கும் வித்தியாசம் யாருக்கு மிகக் குறைவோ அவரே நிறுவனத்தின் ஆரோக்கியமான மனிதர். ஒன்பது வருடமாக அந்த மனிதர் கம்பிதான். ஒன்பது கோப்பைகளும் வீட்டு அலமாரியில் இருந்தன. ஒன்றில் துணி மாட்டும் கிளிப்புகள், ஒன்றில் உதிரிப் பொத்தான்கள், ஒன்றில் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள். மனைவி எதையும் வீணாக்க மாட்டார்.

இந்த வருடம் மேலாளர் நவீனமானார். கோப்பை நாளுக்கு மூன்று மாதம் முன்பு உணவுக்கூடத்தில் மருத்துவ முகாம் வைத்தார். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். பெயர் எழுத நேரமில்லை என்று ஆளுக்கொரு வட்டமான பிளாஸ்டிக் டோக்கன். அதிலிருந்த எண்தான் ஆள்.

கம்பியும் பீப்பாயும் ஒன்றாகத்தான் போனார்கள். ஸ்கேன் முடிந்து இருவரும் ஒரே மேசையில் டோக்கன்களை வைத்துவிட்டு டீ குடித்தார்கள். எழும்போது ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் அதே இடத்தில் டாக்டர் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். இளம்பெண். முந்தின இரவு தூங்காத கண்கள். "டோக்கன் ஒன்பது."

கம்பி நெஞ்சை நிமிர்த்திப் போய் உட்கார்ந்தார்.

"கணையத்துல கொழுப்பு படிஞ்சிருக்கு சார். கொஞ்சம் இல்ல, நல்லாவே. மூணு மாசச் சர்க்கரை ஆறு புள்ளி மூணு. இன்னும் சர்க்கரை நோய்னு சொல்ல முடியாது. ஆனா வாசல்ல வந்து நிக்குது."

கம்பி சிரித்தார். மரியாதையாகத்தான் சிரித்தார். "டாக்டர், இது நம்முது இல்ல. பின்னாடி நிக்குறாரே, என் மச்சான், அவரோடது."

டாக்டர் பின்னால் பார்த்தார். பீப்பாய் அங்கே கதவை மறைத்தபடி நின்றிருந்தார்.

"ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வரும் சார்."

"அறுபத்தொண்ணு டாக்டர் நான். இருபத்திரண்டு வருஷமா அறுபத்தொண்ணு."

"எடை எவ்வளவுங்கறது மட்டும் இல்ல, அது எங்க இருக்குங்கறதுதான் முக்கியம்."

தன் தொழில் முழுவதையும் யாரோ தட்டோடு கவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது கம்பிக்கு. எங்கே இருக்கிறது என்பது முக்கியமா? அதுதான் முக்கியமே இல்லை என்று இருபத்திரண்டு வருடமாக நிரூபித்துக்கொண்டிருக்கிறார். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற அரை அடி நீள உறுப்பு. மொத்தமே எண்பது, தொண்ணூறு கிராம். சாப்பாட்டைச் செரிக்கவைக்கிற நீரும் அங்கேதான் ஊறுகிறது, சர்க்கரையை அடக்கிவைக்கிற இன்சுலினும் அங்கேதான் சுரக்கிறது.

"சிலருக்கு தோலுக்கு அடியில நிறைய இடம் இருக்கும். தின்ன கொழுப்பெல்லாம் அங்க போய் அடங்கிடும். சிலருக்கு அந்தக் கிடங்கு சின்னது. நிரம்பிடுச்சுன்னா சரக்கை எங்க வைக்கும்? கல்லீரல்ல வைக்கும், கணையத்துல வைக்கும். வேலை நடக்குற இடத்துல மூட்டையை அடுக்கின மாதிரி. சர்க்கரை நோய்க்கும் இதுக்கும் தொடர்பு இருக்கு. கணையம் வீங்கிக்கிற நோய்க்கும் இருக்கலாம்னு சொல்றாங்க. எது எதால வருதுன்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. ஆனா குறைச்சா நல்லதுங்கறதுல சந்தேகம் இல்ல."

"எல்லாம் சரிங்க. டோக்கனைப் பாருங்க." கம்பி டோக்கனை மேசையில் வைத்து ஒரு விரலால் சுற்றினார். ஒன்பது, ஆறாக மாறியது. "எங்க தொழில்ல ஆறுக்கும் ஒன்பதுக்கும் அடியில கோடு போடாம கல்லை வெளியில விட மாட்டோம். நீங்க கோடே போடல. நேத்து டீ குடிக்கறப்ப மாறிப்போச்சு. நான் ஆறு. அவன் ஒன்பது."

மேலாளர் ஓடிவந்து டோக்கனைப் பார்த்தார். கோடு இல்லை. தராசு நிறுவனத்தில் கோடு இல்லாத ஆறு! அவர் முகம் வாடிவிட்டது. கூடியிருந்தவர்கள் கம்பியைப் பார்த்தார்கள், பீப்பாயைப் பார்த்தார்கள். வாக்கெடுப்பு நடத்தத் தேவையே இருக்கவில்லை.

"வேணும்னா திரும்ப ஒரு ஸ்கேன்..." என்றார் டாக்டர்.

"எனக்கெதுக்கு? அவனுக்கு எடுங்க."

பீப்பாய் இரண்டு அறிக்கைகளையும் வாங்கி மெதுவாகப் படித்தார். கிடங்குக்காரர், எந்தச் சீட்டையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிற பழக்கம். ஒரு வரியில் அவர் கண் நின்றது. கம்பியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஆறாம் அறிக்கையைக் கம்பியிடம் கொடுத்துவிட்டு, ஒன்பதாம் அறிக்கையை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"மாமா சொல்றது சரிதான் டாக்டர். இது என்னுதாத்தான் இருக்கும்."

"யாருதா இருந்தாலும் ரெண்டு பேரும் மூணு மாசம் கழிச்சு வந்து ரத்தம் குடுங்க" என்றார் டாக்டர். "டோக்கன் பத்து."

கம்பி மனைவிக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார். பட்டறை இரைச்சலில் கத்த வேண்டியிருந்தது. "உன் தம்பிக்குக் கணையத்துல கொழுப்பாம்!"

"இணையத்துலயா? அதான் எப்பப் பாத்தாலும் போனும் கையுமா இருக்கானே!"

"இணையம் இல்ல, கணையம்! வயித்துக்குள்ள!"

"வயித்துக்குள்ளயா? அடக் கடவுளே." பிறகு குரலை இறக்கிக் கேட்டார். "உங்களுக்கு?"

"எனக்கென்ன? சுத்தம்."

அன்று சாயங்காலம் பீப்பாய் அக்கா வீட்டுக்கு வந்தார். கம்பி அப்போது குளித்துக்கொண்டிருந்தார். அக்காவும் தம்பியும் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது, குழாய்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மனைவி அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பிப் பாசம் என்று நினைத்தார்.

"மாமா, தனியா நடக்கப் பயமா இருக்கு. காலைல நீங்களும் கூட வாங்க. நீங்க சொன்னா நான் கேப்பேன்" என்றார் பீப்பாய்.

இதைவிட இனிமையான வாக்கியத்தை யாரும் கம்பியிடம் சொன்னதில்லை.

மறுநாளே அட்டவணை தயாரானது. சமையலறைச் சுவரில் கட்டம் போட்ட தாள், அதில் 'நோயாளி' என்று தலைப்பு. காலை ஆறு மணிக்கு நடை. டீயில் சர்க்கரை இல்லை. பன் இல்லை, கேக் இல்லை, பொரித்தது இல்லை. சாப்பாட்டில் பாதி தட்டு காய்கறி. எல்லாம் பீப்பாய்க்கு. ஆனால் பீப்பாய் இரண்டு வேளையும் அக்கா வீட்டில் சாப்பிட ஆரம்பித்தார். மனைவி ஒரு நியாயம் பேசினார்.

"அவன் எதிர்ல உக்காந்து நீங்க கேக் தின்னா, அவனுக்கு ஆசை வராதா? பாவம் இல்லையா?"

கம்பி யோசித்தார். நியாயமாகப் பட்டது. வழிகாட்டுகிறவன் வழியில் நடக்க வேண்டுமில்லையா. "சரி, அவனுக்காக."

"கடைகள்லயும் டீ குடிக்காதீங்க. யாராவது அவன்கிட்டப் போய்ச் சொல்லுவாங்க, 'உங்க மாமா நாலு சர்க்கரை போட்டுக் குடிக்கிறார்'னு. அப்புறம் உங்க பேச்சை எப்படிக் கேப்பான்?"

"சரி, அதுவும் அவனுக்காக."

முதல் வாரம் தலைவலியில் போயிற்று. சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டு, "கழுவின தண்ணி மாதிரி இருக்கு" என்றார். ஆனால் பீப்பாய் பக்கத்தில் இருந்ததால் "நல்லா இருக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

காலை நடை தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி. கம்பி முன்னால், பீப்பாய் பின்னால். கம்பி திரும்பித் திரும்பிச் சொற்பொழிவு செய்துகொண்டே போவார். "வாயைக் கட்டணும்டா. நான் எப்படி நின்னேன் ஒரே நம்பர்ல?" பீப்பாய் மூச்சு வாங்கிக்கொண்டே, "இன்னும் ஒரு சுத்து மாமா, நான் நின்னுட்டா திட்டுங்க" என்பார். திட்டுவதற்காகவே கம்பி இன்னொரு சுற்று சுற்றுவார். அவர் காலணியின் அடித்தோல் ஒரே மாதத்தில் தேய்ந்தது.

பீப்பாய் ஒன்றும் மகான் இல்லை. நோயாளி என்ற பேரில் எடைக்கல் தூக்குகிற வேலையை எல்லாம் அடுத்தவர் தலையில் கட்டினார். ஒருநாள் கம்பி திடீரென்று கிடங்குக்குள் நுழைந்து, வெள்ளைத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு அலமாரிகளைச் சோதனை போட்டார். தராசுத் தகடுகள் அடுக்கிய பெட்டிக்குப் பின்னால் பாதி கடித்த க்ரீம் பன் அகப்பட்டது. அதைத் துணியாலேயே தூக்கிப் பட்டறை முழுக்கக் காட்டினார்.

"சாட்சி! பல் தடம் கூட இருக்கு! உனக்கெல்லாம் உடம்பு பூரா கொழுப்பு, கணையத்துல மட்டுமா?"

"தப்புதான் மாமா."

"இன்னிக்கு சாயங்காலம் நாலு சுத்து கூட. ரெண்டு பேரும்."

"நீங்க எதுக்கு மாமா..."

"பேசாத. நீ ஏமாத்துவ. நான் கூட வந்தாத்தான் ஆகும்."

பீப்பாய் தலையைக் குனிந்துகொண்டார். அவமானத்தில் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

மூன்று மாதம் போயிற்று. கோப்பை நாள் வந்தது.

முற்றத்தில் மேடைத் தராசைத் துடைத்து வைத்திருந்தார்கள். நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கம்பி இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். இடுப்புப் பட்டையில் அவரே இரண்டு புது ஓட்டைகள் போட்டிருந்தார். பட்டையின் தோல் இளகிவிட்டது என்று நினைத்துத்தான். பத்தாவது கோப்பைக்கு எந்த இடம் என்று காலையிலேயே அலமாரியில் பார்த்துவைத்திருந்தார்.

ஏறி நின்றார். எண்கள் ஓடி நின்றன.

ஐம்பத்தாறு புள்ளி நான்கு.

கம்பி இறங்கினார். மீண்டும் ஏறினார். ஐம்பத்தாறு புள்ளி நான்கு.

"தராசு போச்சு" என்றார் கம்பி. "யாருய்யா இதைத் தொட்டது?"

இருபது கிலோக் கற்கள் மூன்றைக் கொண்டுவரச் சொன்னார். தானே தூக்கி நடுவில் வைத்தார். அறுபது, சுத்தமாக. முதல் மூலையில் வைத்தார். அறுபது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது மூலை. அறுபது, அறுபது, அறுபது. வியர்வை கற்களின் மேல் சொட்டியது. துடைக்கத் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருட வேலையில் அவர் பார்த்ததிலேயே இதைவிட நேர்மையான தராசு கிடையாது.

மேலாளர் அருகில் வந்து அக்கறையாகக் கேட்டார். "என்ன சார், இப்படி இளைச்சுட்டீங்க? சுகர் ஏதாவது இருக்கா?"

கோப்பை, வரவேற்பறையில் உட்கார்ந்து ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கிறவருக்குப் போயிற்று. போன வருடம் எழுபத்தெட்டு, இந்த வருடமும் எழுபத்தெட்டு. அவர் நாற்காலியை விட்டு எழுந்ததையே யாரும் பார்த்ததில்லை. கோப்பையையும் உட்கார்ந்தபடிதான் வாங்கிக்கொண்டார்.

கம்பி வீட்டுக்கு வந்து கூடத்தில் நின்றார். சுவரில் அவருடைய அப்பாவின் படம். அப்பா கடைசி ஆறு வருடம் ஊசி போட்டுக்கொண்டு இருந்தவர். கால் விரல் இரண்டை எடுத்த பிறகு செருப்பில் பஞ்சு வைத்து நடந்தவர். சர்க்கரை வந்துதான் அப்பா இளைத்தார் என்று கம்பி இத்தனை நாளாகச் சொல்லிவந்தார். படம் சர்க்கரை வருவதற்குப் பத்து வருடம் முன்பு எடுத்தது. முதல்முறையாக அதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். சட்டைக்குள் ஒரு கம்பி நின்றுகொண்டிருந்தது.

நாளைக்கு ரத்தப் பரிசோதனை. மனசைத் தேற்றிக்கொள்ளக் கம்பி ஆறாம் அறிக்கையை அலமாரியிலிருந்து எடுத்தார். அவருடைய சுத்தமான அறிக்கை. அன்று அவர் கடைசி வரியை மட்டும்தான் படித்திருந்தார்: கணையம் இயல்பு. இன்று முதல் வரியிலிருந்து படித்தார். கல்லீரல் இயல்பு. அடுத்த வரி: பித்தப்பை காணப்படவில்லை, முன்பு அறுவைச் சிகிச்சையில் நீக்கப்பட்டுள்ளது.

சட்டையைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் கிடையாது. அவர் உடம்பில் எந்தக் கத்தியும் பட்டதில்லை.

பித்தப்பையை எடுத்தது பீப்பாய்க்கு. எட்டு வருடம் முன்பு. ஆஸ்பத்திரி நடைபாதையில் வெந்நீர்க் குடுவையோடு உட்கார்ந்து, மயக்கம் தெளிந்த மைத்துனரிடம், "வாயைக் கட்டியிருந்தா இது வந்திருக்குமா?" என்று கேட்டவர் கம்பிதான்.

சமையலறையில் அக்காவும் தம்பியும் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கம்பி வாசலில் வந்து நின்றார். அறிக்கையை நீட்டினார்.

"உனக்குத் தெரியுமாடா?"

பீப்பாய் அறிக்கையைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார். "தெரியும் மாமா."

"எப்பலேர்ந்து?"

"அப்பவே. இல்லாத பித்தப்பை எனக்கு மறக்குமா?"

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? சொல்றதுக்கென்ன?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா? 'ஸ்கேன் மெஷினுக்கு முத்திரை இருக்கா, மூலை பாத்தீங்களா'ன்னு டாக்டரை ஒரு வழி பண்ணியிருப்பீங்க. அன்னிக்கு மத்தியானமே நான் திரும்பப் போய் டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன். 'ஏத்துக்கிட்டா வரச் சொல்லுங்க, இல்லேன்னா எப்படியாவது நடக்க வையுங்க, சர்க்கரையை நிறுத்துங்க'ன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி, உங்களை எனக்கு வாத்தியார் ஆக்குறது."

கம்பி மனைவியைப் பார்த்தார். "நீயும் கூட்டா?"

"நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றேன், உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு" என்றார் மனைவி. "படம் புடிச்சுக் காட்டினப்பறமும் நம்பலையே." சிரிப்பாகத்தான் ஆரம்பித்தார். முடியும்போது குரல் உடைந்திருந்தது. "உங்கப்பா செருப்புக்குப் பஞ்சு வச்சுக் குடுத்தது நான்தாங்க. உங்களுக்கும் வைக்க என்னால முடியாது."

கம்பிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மூன்று மாதமாக ஊரே பார்க்கத் தன்னைச் சுற்றவைத்திருக்கிறார்கள். ஆனால் கோபம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் அலைந்தது. க்ரீம் பன்னைத் தூக்கிக் காட்டியது நினைவுக்கு வந்தது.

"அந்தப் பன்னு?"

"அது நிஜமாவே நான் தின்னதுதான் மாமா. அதுக்கு நீங்க திட்டினது நியாயம்."

சுவரில் அட்டவணை தொங்கியது. 'நோயாளி' என்று அவர் கையெழுத்தில் கொட்டை எழுத்து. கம்பி அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"என் ரிப்போர்ட்டைக் குடு."

பீப்பாய் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூன்று மாதமாக மடித்து வைத்திருந்ததில் மடிப்புகள் துணி மாதிரி ஆகியிருந்தன.

மறுநாள் ரத்தம் கொடுத்துவிட்டு, அதற்கு மறுநாள் முடிவுக்காக இருவரும் போனார்கள். டாக்டரின் அறை சின்னது. பீப்பாய் உட்கார்ந்ததும் இன்னும் சின்னதானது. கம்பி இந்த முறை டோக்கனை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு, உள்ளே நுழைந்ததும் தானாகவே சொன்னார், "அந்த ரிப்போர்ட் என்னுதுதாங்க. ஒன்பது."

டாக்டர் தாளைப் பார்த்தார். பார்க்கிற நேரம் மிக நீளமாக இருந்தது.

"அஞ்சு புள்ளி எட்டு."

"அப்படின்னா?"

"வாசல்ல நின்னது தெருவுக்கு இறங்கியிருக்கு. போயிடல. நீங்க நடக்கறதை நிறுத்தினா திரும்பக் கதவைத் தட்டும். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம்."

கம்பி மூச்சு விட்டார். பிறகு தொழில்காரராக ஒரு கேள்வி கேட்டார். "நாலரை கிலோ குறைஞ்சிருக்கு. அதுல கணையத்துலேர்ந்து எவ்வளவு இறங்கியிருக்கும்?"

"அதை இந்த ரத்தத்துல சொல்ல முடியாது சார். ஆனா சில ஆராய்ச்சியில, கணையத்துலேர்ந்து ஒரு கிராம் அளவுக்குக் குறைஞ்சாலே சிலருக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்கு."

"ஒரு கிராமா?"

"ஒரு கிராம்."

வரும் வழியெல்லாம் கம்பி மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். பட்டறையின் மேடைத் தராசு ஐம்பது ஐம்பது கிராமாகத்தான் நகரும். ஒரு கிராமை அதில் வைத்தால் அது கண்டுகொள்ளாது. கோப்பை, ஒன்பது வருடம், அறுபத்தொன்று, பீப்பாய் என்று பேர் வைத்தது, எல்லாமே அந்தத் தராசின் பேச்சைக் கேட்டுத்தான்.

பட்டறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வெல்வெட் பெட்டியைத் திறந்தார். கடைசி வரிசையில், நகைக்கடைத் தராசுகளுக்காக வைத்திருக்கும் ஒரு கிராம் கல். கல் என்று பெயர்தான், விரல் நகத்தை விடச் சின்ன உலோகத் தகடு. இடுக்கியால் எடுக்க வேண்டியது. கம்பி அதை விரலாலேயே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினால் அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"மாமா! வெறுங்கையால தொட்டுட்டீங்க!" பீப்பாய் கிடங்கு வாசலிலிருந்து கத்தினார். "பிசுக்கு ஏறுமே!"

"ஏறட்டும். இப்ப இதுக்கும் கொழுப்பு."

தகட்டை வெள்ளைத் துணியால் துடைத்து மெல்லப் பள்ளத்தில் வைத்தார். பெட்டியை மூடப்போனவர் நிறுத்தி, மைத்துனரை ஏற இறங்கப் பார்த்தார். தொண்ணூற்று நான்கில் ஆறு குறைந்திருந்தும் மூன்றாவது பொத்தான் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். இத்தனை வருடப் பழக்கம். விழுங்கிக்கொண்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு மாமா?"

"ஆறு."

பீப்பாய் தலையாட்டிவிட்டுத் திரும்பினார்.

"அடியில கோடு போட்ட ஆறு" என்றார் கம்பி. "ஒன்பதுக்கு வந்து நிக்காத."